அம்மா முடிவு பார்த்த நாடகம்

என் அம்மா எந்தக் கதையின் முடிவையும் பார்த்ததில்லை. நான் இதைச் சொன்னால் பாவம் என்பது போல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அம்மா பாவமெல்லாம் இல்லை. அவளுக்கு நேரமில்லை, அவ்வளவுதான்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், எல்கடுவப் பக்கம், மேட்டில் இருக்கிறது. நான் சிறுமியாக இருந்தபோது மாத்தளை டவுனில் தியேட்டர் இருந்தது. இப்போது அந்த இடத்தில் துணிக்கடை. சம்பளம் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா எங்களைப் படத்துக்குக் கூட்டிப்போவாள். கதாநாயகன் சிக்கலில் மாட்டி, வில்லன் சிரித்து, தாய்க்காரி கோயில் மணியைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கும் நேரத்தில் அம்மா எழும்பிவிடுவாள். கடைசி பஸ் போய்விடும். நாங்கள் திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளியே வருவோம். மாசி மாதத்தில் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். அது விடிய விடிய நடக்கிற கூத்து. விடிந்தால் வேலை. மன்மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் நடக்கும் வரை அம்மா இருப்பாள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பதற்குள் எங்களை இழுத்துக்கொண்டு, லயத்து வரிசை வீடுகளில் எங்களுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்துவிடுவாள். ரதி அழுவது எங்களுக்குப் படுக்கையிலிருந்தே கேட்கும்.

அதற்காகக் கதையை அந்தரத்தில் விட்டுவிடுகிற ஆள் இல்லை அவள். மறுநாள் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே மிச்சக் கதையைச் சொல்லி முடித்துவிடுவாள். பார்த்தவள் மாதிரியே சொல்வாள். எல்லாப் படமும் ஒரே மாதிரித்தான் முடியும். கதாநாயகன் வீட்டுக்கு வருவான், காலைக் கழுவுவான், தாய்க்காரி சோறு போடுவாள், வயிறு நிறையச் சாப்பிடுவான். மன்மதனும் சிவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து சாப்பிட்டுத்தான் படுத்தான். நாங்கள் நம்பினோம்.

பல வருடங்களுக்குப் பிறகு பல்கலைக்கழக விடுதியில் ஒரு நாள் தொலைக்காட்சியில் பழைய படம் ஒன்று ஓடியது. அம்மாவின் கணக்கில் அந்தக் கதாநாயகன் கடைசியில் கருவாட்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டவன். தொலைக்காட்சியில் அவன் குண்டடிபட்டுச் செத்துப்போனான். நான் விடுதிப் பிள்ளைகளிடம் "இது வேற முடிவு, இதை மாத்திட்டாங்க" என்று சண்டை பிடித்தேன். அவர்கள் என்னை அந்த வருடம் முழுவதும் கருவாடு என்று கூப்பிட்டார்கள்.

அம்மாவின் நேரத்தையெல்லாம் தின்றது யாரென்று கேட்டால் ஒரே பதில்தான், சங்கு. தேயிலை ஃபெக்டரியின் கூரைமேல் இருந்த சங்கு. விடியற்காலையில் அது ஊதும். ஊதிய கொஞ்ச நேரத்துக்குள் பெண்கள் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். அங்கேதான் ஆள் எண்ணி, மலை பிரித்து அனுப்புவார்கள். பிந்திப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைக்குப் பேர் இல்லை. பேர் என்றால் எங்கள் ஊரில் ஒரு நாள் சம்பளம். மத்தியானம் மறுபடி ஊதும், மறுபடி மலைக்கு. அந்தியில் ஊதினால் கொழுந்தை நிறுக்கக் கொண்டுவர வேண்டும். அம்மாவின் உடம்பில் அந்தச் சத்தம் ஊறிப்போயிருந்தது. சோற்றுக் கவளம் வாய்க்குப் போகும்போது ஊதினாலும் கை அப்படியே தட்டுக்கு இறங்கும், கால் எழும்பும். ஒரு முறை காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தவள், சங்கு கேட்டதும் எழும்பிப் படங்கைச் சுற்றிக்கட்டத் தொடங்கிவிட்டாள். படங்கு என்பது கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற முரட்டுத் துணி. அதை அவிழ்த்து அவளைப் படுக்கவைக்க அப்பா பட்ட பாடு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்தச் சங்குக்கு எழும்பி எழும்பித்தான் என்னைப் படிக்கவைத்தாள். நான் மாத்தளையில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். இதைப் பெருமை அடிக்காமல் சொல்ல நான் இன்னும் பழகவில்லை, பழக வேண்டும் என்ற எண்ணமும் இல்லை.

சில வருடங்களுக்கு முன் மேற்படிப்புக்கு உதவிப்பணம் கிடைத்து இங்கிலாந்தின் வடக்கில் ஒரு நகரத்துக்கு ஒரு வருடம் போனேன். ஒரு காலத்தில் நூலும் துணியும் நெய்து உலகத்துக்கு அனுப்பிய ஊர். ஆலைகள் எல்லாம் மூடி நாளாகிவிட்டது. இப்போது அது பல்கலைக்கழக ஊர். ஒரு ஆலை ஓவியக்கூடம், இன்னொன்று நாடக அரங்கு, பஞ்சு மூட்டை அடுக்கிய களஞ்சியம் புத்தகக்கடை. புகைபோக்கியை மட்டும் இடிக்காமல் வைத்து, அதன் அடியில் கதிரை மேசை போட்டிருந்தார்கள். சனி ஞாயிறுகளில் மனிதர்கள் அங்கே வந்து சும்மா உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு முதலில் அதுதான் விளங்கவில்லை. மூன்று பேர் ஒரு கோப்பைக் கோப்பியை வைத்துக்கொண்டு பாதி நாளை ஓட்டுகிறார்கள், ஒருவருக்கும் அடுப்பில் எதுவும் கொதிக்கவில்லையா என்று யோசித்துக்கொண்டே நான் வேகமாக நடந்து போவேன்.

போகப் போக நானும் உட்காரப் பழகினேன். அந்த ஊருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். குளிர், பனி, வாயில் வைக்க முடியாத சாப்பாடு என்று எத்தனையோ குறை சொல்லலாம். ஆனால் மாணவர்களுக்கு இலவசமாக நாடகம் காட்டினார்கள். நெசவு மண்டபத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து, முதல் தடவையாக, பஸ்ஸைப் பற்றி நினைக்காமல் ஒரு நாடகத்தை முடிவு வரை பார்த்தேன். விளக்கெல்லாம் போட்ட பிறகும் கதிரையை விட்டு எழும்ப மனமில்லை. அம்மா இதைப் பார்க்க வேண்டும் என்று அப்போது நினைத்தேன். இங்கிலாந்தை அல்ல. ஒரு முடிவை.

அந்த ஊர் அருங்காட்சியகத்தில் ஆலையின் பழைய சங்கும் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் மினுக்கி வைத்திருந்தார்கள். கீழே ஒரு பொத்தான். அமத்தினால் சங்குச் சத்தம் கேட்கும். பிள்ளைகள் அமத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு பொறாமை வந்தது. இவர்களுக்குச் சங்கு விளையாட்டுச் சாமானாகிவிட்டது, நமக்கு எப்போது ஆகும் என்று நினைத்துக்கொண்டு நானும் ஒரு தரம் அமத்தினேன். யாரும் எழும்பி ஓடவில்லை.

நான் திரும்பி வந்தபோது எங்கள் தோட்டத்து ஃபெக்டரி மூடியிருந்தது. கொழுந்து இப்போது லொறியில் வேறு தோட்டத்துக்குப் போகிறது. இயந்திரங்களைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். கட்டடம் நின்றது. அதை வெள்ளைக்காரர் வந்து தங்குகிற ஹோட்டலாக்கப்போகிறார்கள் என்று கொஞ்சக்காலம் பேச்சு அடிபட்டது. எங்கள் பெண்கள் அதே வாசலில் படங்கு கட்டிக்கொண்டு நின்று உல்லாசப் பயணிகளுக்குக் கும்பிடு போடுவார்கள் என்று நினைக்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல காலம், அந்தப் பேச்சு தானாக அடங்கிவிட்டது.

மாத்தளையில் பல்கலைக்கழகம் இல்லை. ஆனால் மலையைத் தாண்டிப் படித்துவிட்டு வந்த நாங்கள் கொஞ்சப் பேர் இருக்கிறோம். பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற ஒரு சேர், வங்கியில் வேலை செய்கிற ஒருவர், ஃபார்மசி வைத்திருக்கிற ஒரு பெண், நான். விடுமுறையில் வரும் மாணவர்களும் சேர்ந்துகொள்வார்கள். சனிக்கிழமைகளில் பாடசாலை மண்டபத்தில் கூடி நாடகம் பழகுவோம். பாதி நேரம் பழகுவோம், மீதி நேரம் பேக்கரி றோலும் தேத்தண்ணியுமாகச் சண்டை பிடிப்போம். சேர் மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம். பொறுமை அதிகம், ஆனால் யாராவது வசனத்தை விழுங்கினால் அந்தப் பொறுமை காணாமல் போய்விடும். என் வாழ்க்கையின் நல்ல நேரங்களில் பாதி அந்த மண்டபத்தில்தான் கழிந்தது. இவர்களுக்கெல்லாம் நான் இதுவரை நேராக நன்றி சொன்னதில்லை. சொன்னால் கிண்டல் செய்தே கொன்றுவிடுவார்கள்.

ஃபெக்டரியில் நாடகம் போடுவோம் என்று நான்தான் சொன்னேன். கொழுந்து வாட்டுகிற மேல்மாடி இருக்கிறதே, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மரப்பலகைத் தளம், இரண்டு பக்கமும் ஜன்னல். அதைவிட நல்ல அரங்கை எந்த அரசாங்கம் கட்டித்தரும்? சேர் வந்து பார்த்தார். தளத்தில் நின்று கையைத் தட்டினார், சத்தம் எப்படிப் போகிறது என்று காது கொடுத்துக் கேட்டார். பிறகு குனிந்து பலகையை முகர்ந்தார். "டீச்சர், இன்னும் தேயிலை மணக்குதுங்க" என்றார். அப்போதே முடிவாகிவிட்டது. தொரையிடம் போய்க் கேட்டோம். சின்ன வயது மனேஜர், அவர் நாடகம் என்றதும் முதலில் வேலைநிறுத்தக் கூட்டமென்று நினைத்துவிட்டார். இல்லையென்று விளங்கப்படுத்திய பிறகு, எதையும் உடைக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதித்தார்.

கதை நாங்கள் சேர்ந்து எழுதியது. ஃபெக்டரி மூடுகிற நாள். ஒரு பெண் கூடை நிறையக் கொழுந்தோடு நிறுக்க வருகிறாள். நிறுக்க ஆள் இல்லை. கணக்கப்பிள்ளை நாளைக்கு வா என்கிறார், கங்காணி நேற்றே சொன்னோமே என்கிறார், எல்லாரும் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள். அவள் மட்டும் கூடையோடு நிற்கிறாள். கடைசியாகச் சங்கு ஊதுகிறது. அவள் என்ன செய்கிறாள் என்பதுதான் முடிவு. அந்தப் பெண் நான்.

சங்கை உண்மையாகவே ஊத வைப்போம் என்று யோசனை சொன்னதும் நான்தான். அந்த அருங்காட்சியகப் பொத்தான் என் மண்டைக்குள் கிடந்தது. கூரைமேல் சங்கு அப்படியே இருந்தது, கழற்றிச் செல்ல யாருக்கும் மனம் வரவில்லை போலும். மின்சாரத்தில் ஊதுகிற சங்கு. வங்கிக்காரரின் தம்பி டவுனில் மின்வேலை செய்கிறவர், வந்து கம்பியை மாற்றினார். ஊதினால் தோட்டமே கலவரப்படும் என்று பயந்து ஒத்திகையில் அதை ஊதிப் பார்க்கவில்லை. வாயாலேயே "ஊ" என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனோம். பெரிய கெட்டிக்காரத்தனமாகச் செய்கிறோம் என்ற நினைப்பு எங்கள் எல்லாருக்கும் இருந்தது.

இனி மிஞ்சியது அம்மாவைக் கூட்டிவருகிற வேலை. நாடகம் போடுவதைவிடப் பெரிய வேலை அது. அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை, ஆனால் சும்மா இருப்பதும் இல்லை. நான் டவுனில் என்னோடு வந்து இருக்கச் சொன்னால் வரமாட்டாள். அதே லயத்தில், அதே காம்பராவில், கோழி வளர்த்து, மிளகாய் நட்டு, விறகு பொறுக்கி, அடுத்த வீட்டுப் பிள்ளைகளைக் குளிக்க வார்த்து, தானே வேலையைத் தேடிப் பிடித்துச் செய்துகொண்டிருப்பாள்.

"ஞாயித்துக்கெழம நாடகம், வந்திருங்கம்மா" என்றேன்.

"ஒக்காந்து பாக்குறதுக்குன்னு ஒரு நாளா? எனக்கு வெறகு வெட்டணும் புள்ள."

"நான் நடிக்கிறேம்மா."

"நீ நடிக்கிறத நான் சின்னதுலேருந்து பாக்குறேனே" என்றாள். வயிற்றுவலி என்று பாடசாலைக்குப் போகாமல் படுத்த நாட்களைச் சொல்கிறாள்.

நான் விடவில்லை. நாடகம் பகலில் வைத்திருக்கிறோம், வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிடும் என்றேன். பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை, ஃபெக்டரி நடக்கிற தூரம்தான் என்றேன். விறகை நான் வெட்டித்தருகிறேன் என்றேன். அதற்கு மட்டும் சிரித்தாள். கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரே ஒரு கதைய முடிவு வரைக்கும் பாருங்கம்மா, வேற ஒண்ணும் கேக்கல" என்று கத்திவிட்டேன். அம்மா கையிலிருந்த விறகைக் கீழே வைத்தாள். பிறகு, "சரி, கத்தாத. வர்றேன். ஆனா ஓரத்துலதான் ஒக்காருவேன்" என்றாள். ஓரம் என்றால் எழும்பிப் போக வசதியாக வாசலுக்குப் பக்கத்தில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை வரவில்லை. லயத்துப் பெண்கள் திருவிழாவுக்குப் போவது போல் நல்ல சேலை கட்டி, பூ வைத்து, பிள்ளைகளோடு வந்தார்கள். டவுனிலிருந்தும் கொஞ்சப் பேர் வந்தார்கள், அவர்களுக்குக் கதிரை போட்டோம். எங்கள் ஆட்கள் பாயில் உட்கார்ந்தார்கள். வருடக்கணக்காகக் கொழுந்தைச் சுமந்து ஏறிய படியில் வெறுங்கையோடு ஏறி வந்தது அவர்களுக்கே வேடிக்கையாக இருந்தது. ஒருத்தி தளத்தில் கால் வைத்ததும், "செருப்போட வந்தா ஏசுவாங்களே" என்று பழக்கத்தில் கழற்றினாள். அவளைப் பார்த்து எல்லாரும் கழற்றினார்கள். அம்மா சொன்னபடியே வாசல் ஓரத்தில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு பை. பையில் வெற்றிலையும் குடையும்.

நாடகம் தொடங்கியது. டவுனில் நாடகம் பார்க்கிறவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். எங்கள் ஆட்கள் அப்படியில்லை. வங்கிக்காரர் கணக்கப்பிள்ளையாக வந்து என் கூடையைப் பார்த்து முகத்தைச் சுளித்ததும், முன்வரிசையிலிருந்து "ஒம் மூஞ்சிய விடவா?" என்று குரல் வந்தது. அவர் அடுத்த வசனத்தை மறந்துவிட்டார். மறந்ததும் நல்லதுதான், கணக்கப்பிள்ளை பயந்துவிட்டான் என்று நினைத்து எல்லாரும் கை தட்டினார்கள். என் கூடையில் உண்மையான கொழுந்து. லயத்துப் பெண்கள் தங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் வைத்திருக்கிற செடிகளிலிருந்து காலையில்தான் எடுத்துத் தந்திருந்தார்கள். கயிறு தலையில் அழுத்தியது. அம்மாவின் உச்சந்தலையில் முடி தேய்ந்துபோன இடம் எது என்று அன்றைக்குத்தான் என் தலைக்குத் தெரிந்தது.

ஒவ்வொருவராக மேடையை விட்டுப் போனார்கள். நான் தனியே நின்றேன். ஓரக்கண்ணால் வாசலைப் பார்த்தேன், அம்மா இருந்தாள். இன்னும் கொஞ்சந்தான், ஒரு நிமிடம் இருந்தால் போதும், அம்மா ஒரு கதையை முழுதாகப் பார்த்துவிடுவாள். நான் மனதுக்குள் மாரியம்மனைக் கூப்பிட்டேன்.

சங்கு ஊதியது.

மூடிய பிறகு முதல் தடவையாக ஊதுகிறது. தளம் அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் எழும்பினார்கள்.

யாரும் யாரையும் பார்த்து எழும்பவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். சேலையை உதறி இடுப்பில் செருகினார்கள். ஒருத்தி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் இல்லாத கூடையைத் தேடினாள். "ஐயோ நேரமாச்சே" என்று யாரோ சொன்னார்கள். படிப்பக்கம் நகரத் தொடங்கினார்கள். கதிரையில் இருந்த டவுன் ஆட்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, நாடகம் முடிந்துவிட்டதென்று நினைத்து அவர்களும் எழும்பினார்கள். திரைக்குப் பின்னால் சேர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். பின்வரிசையில் தொரை மட்டும் உட்கார்ந்திருந்தார்.

அம்மா வாசலுக்குப் போய்விட்டாள். எல்லாருக்கும் முதலில் அவள்தான் வாசலில் நின்றாள், ஓரத்தில் உட்கார்ந்தவள் அல்லவா. அவளுடைய கை தலைக்குப் போய்க் கூடைக் கயிற்றைத் தேடியது. எனக்கு வசனம் எல்லாம் மறந்துபோனது. நான் கொண்டுவந்த சங்கு, நான் சொன்ன யோசனை, அதுவே அவளை எழுப்பிக்கொண்டு போகிறது. சங்குச் சத்தத்தில் வளர்ந்தவள் எங்கள் குழுவிலேயே நான் ஒருத்திதான், எனக்கே இது தோன்றாமல் போயிற்றே என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. "அம்மா" என்றேன். அது நாடகத்தில் இல்லாத வசனம்.

அம்மா திரும்பினாள். முதலில் என்னைப் பார்த்தாள். என் தலையில் கூடை. பிறகு கூரையைப் பார்த்தாள். சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது, வங்கிக்காரரின் தம்பிக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. பிறகு தன் கையைப் பார்த்தாள், அது இன்னும் தலையில்தான் இருந்தது. கையை இறக்கினாள்.

"ஊதுனா ஊதட்டும்!" என்றாள். சங்குக்கு மேலே கேட்க வேண்டுமென்று கத்தித்தான் சொன்னாள். "எவ்வளவு நேரந்தான் ஊதுவான்? ஒக்காருங்கடி எல்லாரும். புள்ள இன்னும் முடிக்கல."

படிக்குப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி சிரித்தாள், அதோடு மாடி முழுக்கச் சிரிப்பு. "அட, நாம பெரட்டுக்கா போறோம்?" "ஏங்க தொர, எங்களுக்கு இன்னைக்குப் பேர் உண்டுங்களா?" தொரையும் சிரித்துவிட்டார். சங்கு ஒருவழியாக அடங்கியது. பெண்கள் பாய்க்குத் திரும்பி வந்தார்கள். அம்மா ஓரத்துக்குப் போகவில்லை. நேரே நடந்து வந்து முன்வரிசையில், நடுவில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பையை இறக்கிப் பக்கத்தில் வைத்தாள். "ம், சொல்லு" என்றாள் என்னைப் பார்த்து.

அதன்பிறகு நான் என்ன நடித்தேன் என்று என்னைக் கேட்கக் கூடாது. எழுதி வைத்த முடிவு இதுதான். அவள் கூடையை இறக்கி, "நிறுக்க ஆள் இல்லேன்னா இது என்னோட கொழுந்து" என்று சொல்லி, அத்தனையையும் தளத்தில் கொட்டிவிட்டு, வெறுங்கூடையை வீசியபடி வெளியே நடந்து போகிறாள். நான் கொட்டினேன். பெண்கள் "ஐயையோ" என்றார்கள். நல்ல கொழுந்தைத் தரையில் கொட்டுவதை அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. பச்சை மணம் மேலே வந்தது. நான் அழுதுகொண்டே அவர்கள் நடுவால் நடந்து படியிறங்கிப் போனேன். அது நடிப்பில்லை என்று இப்போது எல்லாருக்கும் தெரியும்.

பிறகு கீழே தேத்தண்ணி கொடுத்தோம். மாணவர்கள் சேரைச் சூழ்ந்துகொண்டு, பார்வையாளர்களையும் நாடகத்துக்குள் கொண்டுவந்தது எப்படிப்பட்ட புதிய உத்தி என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சேர் ஒன்றும் தெரியாதவர் போல் தலையாட்டினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிந்திய கொழுந்தைப் பெண்கள் ஒரு இலை விடாமல் கூட்டி அள்ளி, வீட்டில் வறுத்துக் குடிக்கிறோம் என்று பங்கு போட்டுக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அவர்கள் எல்லாரையும் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. கொஞ்சப் பேரைப் பிடிக்கவும் செய்தேன்.

அம்மா நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அன்றைக்கு அங்கேயே தங்கினேன். சாப்பிடும்போது கேட்டேன், கேட்காதவள் மாதிரி ரசம் ஊற்றினாள். படுக்கப் போகும்போதும் கேட்டேன், நாளைக்கு விறகு வெட்டித்தருவதாகச் சொன்னாயே என்றாள். எனக்குக் கொஞ்சம் மனக்கஷ்டந்தான்.

மறுநாள் நான் எழும்பியபோது அம்மாவின் குரல் முன்திண்ணை இஸ்தோப்பிலிருந்து வந்தது. பக்கத்துக் காம்பரா அக்கா வந்திருந்தார். அவர் வில்கமுவையில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய், அங்கே பஸ் கிடைக்காமல் மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை இரவுதான் வந்து சேர்ந்து நாடகத்தைத் தவறவிட்டவர். அம்மா அவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். முதலிலிருந்து, ஒன்று விடாமல். கணக்கப்பிள்ளையின் மூஞ்சியைக்கூடச் செய்து காட்டினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இப்போது வரும், அவள் வீட்டுக்குப் போய்க் காலைக் கழுவிச் சோறு சாப்பிடுகிற இடம், இப்போது வரும் என்று காத்திருந்தேன்.

"அப்புறம் கூடையில இருந்த அம்புட்டுக் கொழுந்தையும் தரையில கொட்டிட்டா. கொட்டிட்டு, ஒருத்தர் மூஞ்சியையும் பாக்காம, வெறுங் கூடைய வீசிக்கிட்டே போயிட்டா."

"கொழுந்தையா? தரையிலயா?"

"ஆமா. நல்ல கொழுந்து."

"போயி? வீட்டுக்குப் போயிச் சாப்பிட்டாளா?" அந்த அக்காவும் அம்மாவின் கதைகளைக் கேட்டுப் பழகியவர்.

அம்மா பையிலிருந்து வெற்றிலையை எடுத்தாள்.

"அது தெரியாதுடி. நான் முடிவு வரைக்கும் இருந்து பாத்தேன். அதுக்கு மேல அவங்க காட்டல." பிறகு வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள். "சாப்பிட்டிருப்பா. சொம எறங்கிருச்சில்ல."